பெயர் ஒத்துப்போனால் பணம் நின்றுவிடுகிறது: வடக்கின் சிறு ஏற்றுமதியாளரும் தடைப் பட்டியல்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வடக்கிலிருந்து மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனங்கட்டி, நண்டு, கருவாடு அனுப்பும் சிறு ஏற்றுமதியாளர்களின் சிரமம் என்றால் விமானக் கூலி, சுங்கம், ஆய்வுகூடச் சான்றிதழ் என்றே பத்திரிகைகளில் படிக்கிறோம். பொருள் போய்ச் சேர்ந்து கடையில் விற்றும் முடிந்த பிறகு அதற்கான பணம் வழியில் நின்றுபோவதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. வங்கிக் கிளையில் கேட்டால் "கொழும்பில் பார்க்கிறார்கள்" என்கிறார்கள். எதைப் பார்க்கிறார்கள், எந்தக் கடதாசி கொடுத்தால் காரியம் முடியும் என்று சொல்ல ஆளில்லை. பல தடவைகளில் அவர்கள் பார்ப்பது பெயரைத்தான். அனுப்பியவரின் பெயரோ பெறுபவரின் பெயரோ ஏதோ ஒரு தடைப் பட்டியலில் உள்ள பெயரை ஒத்திருக்கிறது.

இந்த ஒற்றுமையைத் தீர்ப்பதற்கு எழுத்தில் உள்ள, எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை ஒன்றை வங்கிகளும் மத்திய வங்கியும் வைக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. அது வரும்வரை ஏற்றுமதியாளர் தம் பக்கத்தில் செய்யக்கூடியவையும் நிறைய உண்டு.

முதலில் பட்டியல்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்ப்போம். ஐ.நா. பாதுகாப்புச் சபை 2001 செப்டெம்பர் 28இல் நிறைவேற்றிய 1373ஆம் இலக்கத் தீர்மானம், பயங்கரவாதத்துக்குப் பணம் போகாமல் தடுக்க ஒவ்வொரு நாடும் சொத்துகளை முடக்க வேண்டும் என்றது. யாரைப் பட்டியலிடுவது என்பதை அந்தந்த நாடே தீர்மானிக்கிறது. இலங்கையில் இது 1968ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க ஐக்கிய நாடுகள் சட்டத்தின் கீழ் 2012இல் வந்த ஒழுங்குவிதிகளால் நடக்கிறது. தகுதிவாய்ந்த அதிகாரி பாதுகாப்பு அமைச்சின் செயலாளர். 2014இல் 16 அமைப்புகளும் 424 தனிநபர்களும் வர்த்தமானியில் பட்டியலிடப்பட்டனர். 2015 நவம்பரில் 8 அமைப்புகளும் 269 பேரும் நீக்கப்பட்டனர். 2021இல் 7 அமைப்புகளும் 388 பேரும் சேர்க்கப்பட்டனர். 2022 ஓகஸ்டில் 6 அமைப்புகளும் 316 பேரும் நீக்கப்பட்டனர். பட்டியலில் இருப்பவர்களில் பலர் புலம்பெயர்ந்த தமிழர்கள். எங்கள் பொருட்களை வாங்குபவர்களும் புலம்பெயர்ந்த தமிழர்கள். பெயர்கள் மோதுவதில் வியப்பில்லை.

இதற்குப் புறம்பாக அமெரிக்கா 1997இலும், பிரித்தானியா 2001இலும், கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் 2006இலும் விடுதலைப் புலிகளைத் தங்கள் பட்டியல்களில் சேர்த்தன. தொடர்புடையவை என்று அந்த நாடுகள் கருதிய சில அமைப்புகளும் பின்னர் சேர்ந்தன. ரொறன்ரோவிலுள்ள கடைக்காரர் அமெரிக்க டொலரில் அனுப்பும் பணம் முதலில் அவருடைய கனேடிய வங்கியிலும், பிறகு நியூயோர்க்கிலுள்ள இடைநிலை வங்கியிலும், கடைசியாகக் கொழும்புத் தலைமையகத்திலும் சோதிக்கப்படுகிறது. மூன்று இடத்திலும் பட்டியல் வேறு, மென்பொருள் வேறு, பயம் வேறு. அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. சூடான், ஈரான், கியூபா தொடர்பான கொடுப்பனவுகளில் விவரங்களை மறைத்ததற்காக பிஎன்பி பாரிபா வங்கி 2014இல் ஏறத்தாழ 890 கோடி டொலர் செலுத்த ஒப்புக்கொண்டது. அப்படி ஒரு தொகையைப் பார்த்த வங்கி, 3,000 டொலர் மிளகாய்த்தூள் பணத்துக்காகத் தன் கழுத்தை நீட்டாது.

சோதனை மென்பொருள் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதில்லை. எத்தனை எழுத்தை மாற்றினால் ஒரு பெயர் மற்றதாகும், ஒலிப்பு எவ்வளவு நெருக்கம், சொற்களை இடம் மாற்றினால் பொருந்துமா என்று கணக்கிட்டுப் புள்ளி கொடுக்கிறது. வங்கி தீர்மானித்த எல்லையைப் புள்ளி தாண்டினால் கொடுப்பனவு தானாக நிற்கும், ஒரு மனிதர் பார்த்து விடுவிக்க வேண்டும். அமெரிக்கத் திறைசேரியின் வெளிநாட்டுச் சொத்துக் கட்டுப்பாட்டு அலுவலகம், வங்கியாளர் வாயில் ஓஃபாக், தன் இணையத்தளத்தில் இத்தகைய தேடலை எவரும் பயன்படுத்த விட்டிருக்கிறது. உங்கள் பெயரையும் வாங்குபவரின் பெயரையும் அங்கே போட்டுப் புள்ளியெல்லையை மெல்லக் குறைத்துப் பாருங்கள். எந்தப் பெயரோடு இடறுகிறது என்பது சில நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தமிழ்ப் பெயர் இந்த மென்பொருளில் ஏன் அதிகம் இடறுகிறது? எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்றில்லை. இலங்கை ஆவணத்தில் தந்தையின் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். கனடாவுக்கோ பிரான்சுக்கோ போனவருக்குத் தந்தையின் பெயரே குடும்பப் பெயராகப் பதியப்படுகிறது, சிலருக்குத் தலைகீழாகவும் பதியப்படுகிறது. மணமான பெண்ணுக்குக் கணவரின் பெயர் வந்து சேர்கிறது. மென்பொருள் இடமாற்றத்தையும் பொருத்தமாக எடுப்பதால், கந்தையாவின் மகன் இரவீந்திரனும் இரவீந்திரனின் மகன் கந்தையாவும் அதற்கு ஒரே ஆள். தந்தை பெயரை முதலெழுத்தாகச் சுருக்கினால் நிலைமை இன்னும் மோசம். பட்டியலில் உள்ள எந்த இரவீந்திரனோடும் அது அரைவாசி பொருந்தும், பொருந்தாத அரைவாசியை மறுக்கத் தகவலே இருக்காது.

ஆங்கில எழுத்துக்கூட்டல் அடுத்த சிக்கல். பழைய தேசிய அடையாள அட்டையில் ஆங்கிலப் பெயர் இல்லை. ஆகவே வங்கிக் கணக்கைத் திறந்த உத்தியோகத்தர் ஒரு விதமாக, கடவுச்சீட்டு அலுவலகம் இன்னொரு விதமாக, வியாபாரப் பெயரைப் பதிந்த பிரதேச செயலகம் மூன்றாவது விதமாக எழுதியிருக்கும். ஒருவருக்கு மூன்று எழுத்துக்கூட்டல் இருப்பதை வெளிநாட்டு வங்கி மாற்றுப்பெயர்கள் என்றே வாசிக்கும். மாற்றுப்பெயர் அவர்களுக்கு அபாய அடையாளம்.

கடைப்பெயரும் இடறும். அமெரிக்கப் பட்டியலில் விடுதலைப் புலிகளின் மாற்றுப்பெயர்களுள் எல்லாளன் படை என்பதும் உண்டு. எல்லாளன் என்று அரசனின் நினைவாகப் பெயர் வைத்த கடைக்கும், புலிச் சின்னத்தோடு வரும் மசாலாப் பொதிக்கும் கேள்வி எழுவதற்கு இதுவே போதும். பெயரை மாற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. கேள்வி வரும் என்று தெரிந்து பதிவுச் சான்றிதழையும் உரிமையாளரின் விவரங்களையும் முன்கூட்டியே வங்கிக் கோப்பில் சேர்த்து வையுங்கள்.

இன்னொன்று, வங்கிகள் வர்த்தமானியை மட்டும் பார்ப்பதில்லை. பல நாட்டுப் பட்டியல்களையும் பத்திரிகைச் செய்திகளையும் திரட்டி விற்கும் வணிகத் தரவுத்தளங்களை வாங்குகின்றன. அரசு நீக்கிய பெயர், முன்னர் பட்டியலிடப்பட்டவர் என்ற குறிப்போடு அங்கே தொடர்ந்து இருக்கக்கூடும். 2015இலும் 2022இலும் நீக்கப்பட்டவர்களுக்கும் அவர்களின் பெயரை ஒத்தவர்களுக்கும் சட்டப்படி தடையில்லை. ஆனாலும் கொடுப்பனவு நிற்கும். இது நியாயமில்லை. நீக்கிய வர்த்தமானியின் பிரதியைக் காட்டினால் அன்றே விடுவிக்கும் ஒழுங்கு வேண்டும்.

நின்ற பணத்துக்கு மூன்று கதி உண்டு. எந்தக் கதி என்று தெரியாமல் வங்கிக்கு அலைவது வீண். முதலாவது, விளக்கம் கேட்டு நிறுத்தி வைத்திருப்பது. இதற்கு ஆவணம் கொடுத்தால் முடியும். இரண்டாவது, ஏற்காமல் திருப்பி அனுப்புவது. பணம் அனுப்பியவரிடமே போய்விடும், இடைநிலை வங்கிகளின் கட்டணம் கழிந்து. மூன்றாவது, முடக்குவது. அமெரிக்க வங்கி முடக்கினால் பணத்தை வட்டி தரும் தனிக் கணக்கில் போட்டு 10 வேலை நாட்களுக்குள் ஓஃபாக்குக்கு அறிவிக்க வேண்டும். அதன் பிறகு அந்த வங்கி தன் விருப்பப்படி விடுவிக்க முடியாது.

ஒருவரை இன்னொருவர் என்று பிழையாக எண்ணி முடக்கிய பணத்துக்கு அமெரிக்க விதிகளிலேயே வழி இருக்கிறது என்பது இங்கே பலருக்குத் தெரியாது. அந்த நாட்டின் கூட்டாட்சி ஒழுங்குவிதித் தொகுப்பில் 31ஆம் தலைப்பு, 501.806ஆம் பிரிவு. கொடுப்பனவில் தொடர்புள்ள எவரும் விண்ணப்பிக்கலாம். அதாவது யாழ்ப்பாணத்து ஏற்றுமதியாளரே எழுதலாம், வாங்குபவரையோ வங்கியையோ நம்பிக் காத்திருக்கத் தேவையில்லை. முடக்கிய வங்கியின் பெயர், தொகை, முடக்கிய திகதி, அனுப்பியவர், பெறுபவர், இடையில் வந்த வங்கிகள், எந்த வியாபாரத்துக்கான பணம் என்ற விளக்கம், விலைச்சிட்டை முதலான ஆவணங்களின் பிரதிகள், தொடர்புகொள்ள வேண்டியவரின் விவரம் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். இதில் முதல் மூன்று விவரங்களையும் உங்கள் வங்கி சொன்னால்தான் நீங்கள் அறிய முடியும். கிளை முகாமையாளர் எழுத்தில் பதில் தர வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்கு இதுவே முதற் காரணம்.

ஏற்றுமதியாளர் செய்ய வேண்டியவற்றுக்கு வருகிறேன். கடவுச்சீட்டில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டலையே மூலமாக வைத்து வங்கிக் கணக்கு, வியாபாரப் பெயர்ப் பதிவு, சுங்கப் பதிவு, ஏற்றுமதி அபிவிருத்திச் சபைப் பதிவு எல்லாவற்றையும் அதற்கு இசைவாக்குங்கள். திருத்த முடியாதது ஒன்று இருந்தால், இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடித்து அடையாள அட்டைப் பிரதியோடு வங்கியில் கொடுங்கள். பிறந்த திகதியையும் பிறந்த இடத்தையும் தனி வரியில் தெளிவாக எழுதுங்கள். எங்கள் அடையாள அட்டை இலக்கத்துக்குள்ளேயே பிறந்த ஆண்டும் நாளும் இருப்பது உள்ளூரில் எவருக்கும் தெரியும், நியூயோர்க்கில் திரையைப் பார்க்கும் உத்தியோகத்தருக்குத் தெரியாது. பெயர் ஒத்த இருவரைப் பிரித்துக் காட்ட மிக விரைவாக உதவுவது பிறந்த திகதிதான்.

விலைச்சிட்டையில் முதலெழுத்துகளைத் தவிர்த்து முழுப் பெயர் எழுதுங்கள். வங்கிகள் ஒன்றுக்கொன்று கொடுப்பனவு விவரம் அனுப்பிய பழைய எம்.டி.103 செய்தியில் பெயருக்கும் முகவரிக்கும் சேர்த்து 35 எழுத்து வீதம் நான்கு வரிகளே இருந்தன. எங்கள் நீளமான பெயர்களும் "அன் சன்ஸ்" என்று முடியும் கடைப்பெயர்களும் நடுவில் வெட்டுப்பட்டதற்கு அது ஒரு காரணம். வங்கிகளுக்கிடையிலான எல்லை கடந்த கொடுப்பனவுகளில் அந்த வடிவம் 2025 நவம்பர் 22உடன் முடிந்தது. புதிய ஐ.எஸ்.ஓ. 20022 வடிவத்தில் பெயருக்கு மட்டும் 140 எழுத்து இடமுண்டு, ஊருக்கும் நாட்டுக்கும் தனிக் கட்டம் உண்டு. கிளையிலோ வாங்குபவரின் வங்கியிலோ பழைய பழக்கத்தில் சுருக்கி எழுதினால் இந்த வசதியால் ஒரு பயனும் இல்லை. ஆகவே உங்கள் பெயர், வீதி, ஊர், நாடு எப்படி வர வேண்டும் என்று விலைச்சிட்டையின் அடியிலேயே அச்சிட்டு விடுங்கள், வாங்குபவர் பார்த்து அப்படியே பதியட்டும்.

வாங்குபவரின் பக்கத்தில் அடிக்கடி பிழையாவது கடையின் பலகைப் பெயரும் பணம் அனுப்பும் சட்டப் பெயரும் வேறாக இருப்பது. ஒன்ராறியோவில் பல கடைகள் வெறும் இலக்கப் பெயர் கொண்ட கம்பனிகள். பலகைப் பெயருக்கு விலைச்சிட்டை, இலக்கக் கம்பனியிலிருந்து பணம் என்றால் மூன்றாம் ஆள் பணம் என்று நிற்கும். இரண்டு பெயரையும் விலைச்சிட்டையில் எழுதுங்கள், கம்பனிப் பதிவின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரரின் மைத்துனர் தன் சொந்தக் கணக்கிலிருந்து அனுப்புவதை ஏற்க வேண்டாம். ஒரு நாள் வசதிக்காக அதை ஏற்றால், அடுத்து வரும் சரியான கொடுப்பனவுகளும் அந்தச் சந்தேகத்தின் கீழ் வரும்.

கொடுப்பனவின் நோக்கம் எழுதும் இடத்தில் விலைச்சிட்டை இலக்கம், திகதி, பொருள், நிறை இந்த நான்கும் போதும். "மிளகாய்த்தூள் 500 கிலோ" என்று இருப்பதற்கும் "ஊருக்கு உதவி" என்று இருப்பதற்கும் வங்கியின் கண்ணில் மிகப் பெரிய வேறுபாடு உண்டு. வியாபாரப் பணத்தையும் கோயில், பாடசாலை உதவிப் பணத்தையும் ஒரே கொடுப்பனவில் கலக்கவே கூடாது. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: இடறும் பெயரை விட்டுவிட்டோ மாற்றியோ அனுப்பச் சொல்வது குற்றம். மேலே சொன்ன பெரிய வங்கி அகப்பட்டது விவரங்களை மறைத்ததால்தான்.

அமெரிக்க டொலருக்குப் பதிலாகக் கனேடிய டொலரிலோ பவுணிலோ யூரோவிலோ விலை பேசினால் பணம் நியூயோர்க் வழியாகப் போக வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. ஒரு வாசல் குறையும், கட்டணமும் குறையலாம். கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் தனிப் பட்டியல்கள் உள்ளதால் சோதனை முற்றாக ஒழியாது. நாணய மாற்று விகித ஆபத்து யார் தலையில் என்பதை முன்பே எழுதிக்கொள்ளுங்கள்.

பொருட்களுக்கான பட்டியல்களைச் சுருக்கமாகத் தொடுகிறேன். கடலட்டையில் மூன்று இனங்கள் 2020 ஓகஸ்டிலிருந்தும், தெலினோட்டா பேரினம் 2024 மேயிலிருந்தும் அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளன. "உலர்ந்த கடலட்டை" என்று மட்டும் எழுதிய பொதியை இறக்குமதி நாட்டில் நிறுத்தி இனம் எது என்று கேட்பார்கள். பண்ணையில் வளர்த்ததானாலும் விஞ்ஞானப் பெயரை எழுதுங்கள். எதிர்த் திசையில், வயலுக்கு என்று ஐரோப்பாவிலிருந்து உறவினர் அனுப்பும் ட்ரோனும் வெப்பக் கமராவும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2021/821 ஒழுங்குவிதியின் இரட்டைப் பயன்பாட்டுப் பட்டியலில், அதாவது பொதுத் தேவைக்கும் இராணுவத் தேவைக்கும் உதவக்கூடிய பொருட்களின் பட்டியலில், வரக்கூடும். வெப்பக் கமராவில் பார்க்க வேண்டியது வினாடிக்கு எத்தனை படம் என்பது, 9 ஹேர்ட்ஸ் தாண்டினால் உரிமப் பேச்சு தொடங்கும். ட்ரோனில் பறக்கும் நேரம் 30 நிமிடத்தைத் தொட்டால் மற்ற நிபந்தனைகளையும் பார்க்க வேண்டும். இங்கே வந்திறங்கிய பின் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேறு. துபாய் வாங்குபவருக்கு விற்கும்போது பொருள் கடைசியாக எந்த நாட்டுக்குப் போகிறது என்று எழுத்தில் கேளுங்கள். உணவுப் பொருளுக்குத் தடையில்லாத நாடுகளிலும் பணம் வரும் வழி அடைபட்டிருக்கும். ஈரானுக்குக் கொடுக்க வேண்டிய 251 மில்லியன் டொலர் எண்ணெய்க் கடனைத் தேயிலையாகத் தீர்க்க 2021 டிசெம்பரில் அரசே ஒப்பந்தம் செய்தது நினைவிருக்கும்.

பணம் நிற்பதன் உள்ளூர் விளைவு கடுமையானது. பொருள் ஏற்றிய நாளிலிருந்து 180 நாட்களுக்குள் ஏற்றுமதி வருமானம் நாட்டுக்குள் வந்தாக வேண்டும் என்பது மத்திய வங்கியின் விதி. வெளிநாட்டில் முடங்கிய பணத்துக்கும் நாள் ஓடிக்கொண்டே இருக்கும். தவணை முடிந்த பின் விளக்கம் கொடுப்பதைவிட, பணம் நின்ற வாரமே வங்கிக்கு எழுத்தில் அறிவித்து, அந்தக் கடிதத்தின் பிரதியில் பெற்றுக்கொண்ட முத்திரையையும் வாங்கி வைப்பது நல்லது. இந்த அலைச்சலில் வெறுத்துப் போனவரின் அடுத்த விலைச்சிட்டைக்கு உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள்வழியாக, பணம் வருகிறது. உண்டியல் விரைவானது, கேள்வி கேட்காது. ஆனால் அந்தப் பணம் ஏற்றுமதி வருமானமாக எங்கும் பதியப்படாது. வங்கிக் கடனுக்குக் காட்ட வரவு இல்லை, 180 நாள் கணக்கில் நிலுவையாகவே நிற்கும். யார் யாருக்கு எதற்காகப் பணம் அனுப்பினார் என்பது தெரிய வேண்டும் என்பதற்காகவே தடைப் பட்டியல்கள் உண்டாக்கப்பட்டன. நேர்மையான வியாபாரியை உண்டியலுக்குத் தள்ளும் சோதனை அந்த நோக்கத்தையே கெடுக்கிறது.

பட்டியலில் உள்ளவரின் பெயரை ஒத்திருந்ததால் பாதிக்கப்பட்டவரின் பணத்தை விடுவிக்க, பொதுவில் அறியப்பட்ட நடைமுறை ஒவ்வொரு நாட்டிலும் இருக்க வேண்டும் என்று, பணச்சலவையையும் பயங்கரவாத நிதியையும் தடுக்க நாடுகளுக்கு விதி வகுக்கும் நிதி நடவடிக்கைச் செயலணியின் 6ஆம் பரிந்துரை சொல்கிறது. குறைபாடுள்ள நாடுகளைக் கண்காணிக்க அந்தச் செயலணி வைத்திருக்கும் சாம்பல் பட்டியலில் 2017இலிருந்து 2019 ஒக்டோபர் வரை இருந்து மீண்ட நாடு இது. பரிந்துரையின் முடக்கும் பகுதியை ஒழுங்காக நடைமுறைப்படுத்தும் நாம், விடுவிக்கும் பகுதிக்கும் அதே அக்கறை காட்ட வேண்டும். மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவு ஒற்றைப் பக்க விண்ணப்பப் படிவம் ஒன்றைத் தமிழிலும் வெளியிட்டு, அதை வங்கிக் கிளையிலேயே கையளிக்கலாம் என்று சுற்றறிக்கை அனுப்பினால் பாதிப் பிரச்சினை தீரும்.

வங்கிகளிடம் கேட்பது நான்கு. கொடுப்பனவு நின்றால், ஐந்து வேலை நாட்களுக்குள் எங்கே, எந்தத் திகதியில், மூன்று கதிகளில் எந்தக் கதியில் நின்றது என்று எழுத்தில் அறிவிக்க வேண்டும். சட்டம் சொல்ல விடாத விவரம் இருந்தால் அதை விட்டுவிட்டு மற்றதைச் சொல்லட்டும். ஒரு தடவை தீர்ந்த ஒற்றுமையைக் கோப்பில் பதிந்து, அதே வாடிக்கையாளரின் அடுத்த கொடுப்பனவில் அதே கேள்வியைத் திரும்பக் கேட்காமலிருக்க வேண்டும், பட்டியல் மாறினால் மட்டும் மறுபடி பார்க்கலாம். ஏற்றுமதிக் கணக்கு வைத்திருப்பவர்களின் பிறந்த திகதி, தந்தையின் முழுப் பெயர், எல்லா எழுத்துக்கூட்டல்களும் கணினியில் இருக்க வேண்டும். சோதனைப் பிரிவில் தமிழ்ப் பெயர் அமைப்பை அறிந்த ஒருவராவது இருக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்து வணிகர் அமைப்புகள் மாதம் ஒரு நாள் இதற்கென்று ஒரு மேசை போட்டு, புதிதாக ஏற்றுமதிக்கு வருபவரின் ஆவணப் பெயர்களை முதற் பொதி போகுமுன் ஒப்பிட்டுத் திருத்திக் கொடுக்க முடியும். அதற்குச் சமாதான நீதவான் ஒருவரும், வங்கி உத்தியோகத்தர் ஒருவரும், இணைய வசதியுள்ள கணினி ஒன்றும் போதும்.

இப்படிக்கு,
ஏற்றுமதி ஆவணப் பணியிலுள்ள வாசகர்,
யாழ்ப்பாணம்.